வாசிக்கத் தெரியாமல் வகுப்பு ஏறும் பிள்ளைகள்!

ஜூன் மாதம் பிறந்தால் நம் ஊர்களில் நோட்டுப் புத்தகம் வழங்கும் விழா. தேர்வு முடிவு வந்தால் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்குப் பரிசளிப்பு விழா. மேடை, மைக், சால்வை, கேடயம். கொடுப்பவர்களின் நோக்கத்தில் குறை இல்லை. ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு இதனால் பலனும் உண்டு.

ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. நோட்டை வாங்கிக்கொண்டு போகும் அந்த நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு, அட்டையில் அச்சடித்திருக்கும் நம் அமைப்பின் பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியுமா?

சிரிக்க வேண்டாம் சகோதரர்களே! உங்கள் தெருவில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை படிக்கும் பத்துப் பிள்ளைகளை இன்று மாலையே அழையுங்கள். பாடப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். அதை அவர்கள் மனப்பாடமாக ஒப்பித்து விடுவார்கள். இந்த இதழையே கையில் கொடுத்து நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் தடையின்றி வாசிக்கிறார்கள், எத்தனை பேர் தலையைக் குனிந்து கொள்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு பேசலாம்.

கணக்கு சொல்லும் உண்மை

எழுத்தறிவில் தமிழக முஸ்லிம்கள் பின்தங்கியவர்கள் அல்லர் என்று நாம் பெருமையாகச் சொல்வதுண்டு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலத்தின் சராசரியோ 73.5 தான். அதே கணக்கெடுப்பில் இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு. 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் பள்ளியை எட்டிப் பார்க்காதவர் அல்லது இடையில் நின்றவர் என்று 2006 நவம்பரில் சச்சார் குழு அறிக்கை கொடுத்தது. அந்த நிலையோடு ஒப்பிட்டால் நாம் எவ்வளவோ மேல்.

ஆனால் பள்ளியில் பெயர் இருப்பது வேறு. வாசிக்கத் தெரிவது வேறு. ‘பிரதம்’ என்ற தொண்டு நிறுவனம் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று, பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, ‘அசர்’ என்ற அறிக்கையை வெளியிட்டு வருகிறது. இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அது பார்த்தது. தமிழகத்தில் 2018ல் 10.2 விழுக்காடு. கொரோனாவுக்குப் பிறகு 2022ல் வெறும் 4.8 விழுக்காடு! அகில இந்திய சராசரியே அந்த ஆண்டு 20.5 ஆக இருந்தது. 2024 அறிக்கையில் நிலைமை தேறியிருக்கிறது. என்றாலும் மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளே இன்னும் பெரும்பான்மை.

இது முஸ்லிம் பிள்ளைகளின் கணக்கல்ல. எல்லாச் சமுதாயப் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு. நம் பிள்ளைகள் மட்டும் அதற்கு விதிவிலக்காக இருக்க முடியுமா?

எங்கே தடுக்கிறது?

247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளை, ஒரு சொல்லைத் தனியே காட்டினால் திணறுகிறது. ‘கெ’, ‘கே’ என்ற ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வேறுபாடு பிடிபடவில்லை. ‘கொ’ என்று எழுதினால் முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால். இரண்டையும் சேர்த்து ஒரே ஓசை எழுப்ப வேண்டும். ல, ள, ழ குழப்பம். ன, ண, ந குழப்பம். எழுத்தை எழுத்தாகத் தேடிப் பிடித்து வாசிக்கும் பிள்ளை, வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல்லை மறந்து விடுகிறது. வாசித்து முடித்ததும் ‘என்ன புரிந்தது?’ என்று கேட்டால் விழிக்கிறது.

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமை. வீட்டில் காதில் விழாத மொழியை வகுப்பில் வாசிக்க வேண்டும். 2006ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் கட்டாயப் பாடம். அந்தப் பிள்ளைக்குச் சொல்லும் புதிது, எழுத்தும் புதிது.

கடன் வாங்கி ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்த வீடுகளின் கதை என்ன? பிள்ளை டை கட்டிக்கொண்டு போகிறது. ஆங்கிலப் பாட்டை அழகாகச் சொல்கிறது. பக்கத்தைப் புரட்டி வேறு இடத்தில் வாசிக்கச் சொன்னால் ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. வாப்பா சவூதியிலோ துபையிலோ இருக்கிறார். உம்மாவுக்குத் தமிழ் தெரியும். பிள்ளையின் ஆங்கிலப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்க வழியில்லை. மாலையில் அந்தப் பிள்ளையை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பவர் யார்?

தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு 2024 டிசம்பரில் இந்த விதியை மாற்றியபோதும் தமிழ்நாடு மாற்றவில்லை. அது சரியான முடிவே. தோற்கடிப்பதால் எந்தப் பிள்ளைக்கும் எழுத்து வந்து விடாது. பள்ளியை விட்டு ஓடத்தான் செய்யும். ஆனால் தேர்ச்சி கொடுத்தால் மட்டும் எழுத்து வந்து விடுமா? அதுவும் வராது. மூன்றாவதில் விட்ட எழுத்து ஒன்பதாவதில் வந்து வழி மறிக்கிறது. அறிவியலும் வரலாறும் புரியாமல் போவது மூளை இல்லாததால் அல்ல, வாசிக்க முடியாததால்!

முதலில் போவது தன்னம்பிக்கை

வாசிக்க வராத பிள்ளை என்ன செய்யும்? கடைசி பெஞ்சுக்குப் போகும். ஆசிரியர் பெயர் சொல்லி அழைக்கும்போது தண்ணீர் குடிக்கப் போகும். வயிற்றுவலி என்று சொல்லும். சேட்டை செய்து வகுப்பைச் சிரிக்க வைக்கும். ‘மக்கு’ என்ற பெயரை விட ‘ரவுடி’ என்ற பெயர் அதற்கு மேலாகத் தெரிகிறது. வீட்டில் நாமும் நம் பங்குக்கு, ‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லி வைக்கிறோம். பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு ஆயுள் தண்டனை விதிக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது?

சில பிள்ளைகளுக்குக் கண்பார்வைக் குறைவு இருக்கும். கரும்பலகை தெரியாது, சொல்லவும் தெரியாது. சில பிள்ளைகளுக்கு ‘டிஸ்லெக்சியா’ என்னும் கற்றல் குறைபாடு இருக்கும். அறிவில் குறைவில்லை, எழுத்தை ஓசையாக மாற்றுவதில் மட்டும் சிரமம். 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை அங்கீகரித்திருக்கிறது. உரிய சான்று பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு. நம் மஹல்லாக்களில் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? தெரியாததால் பிரம்பைத் தூக்குகிறோம்.

வணிகப் பெருமக்களே, உங்களுக்குத்தான்!

படிப்பு ஏறாத பையன் கடைசியில் எங்கே வருகிறான்? உங்கள் கடைக்குத்தான் வருகிறான். ‘பையன் சும்மா சுற்றுகிறான், கடையில் போட்டுக்கொள்ளுங்கள் பாய்’ என்று தாய் வந்து நிற்கிறாள். இரக்கப்பட்டு நீங்களும் சேர்த்துக் கொள்கிறீர்கள். 2016ல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை அப்படிச் சேர்ப்பது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வயது வந்த பிறகே வந்தாலும், அந்தப் பையன் உங்களுக்கு எதற்குப் பயன்படுவான்?

மூட்டை தூக்குவான், டீ வாங்கி வருவான். சரக்கு வந்தால் பில்லோடு ஒத்துப் பார்க்க அவனால் முடியாது. மருந்துக் கடையில் அட்டைப் பெயரை வாசிக்க முடியாதவனை உள்ளே விட முடியுமா? இன்று பணமே கைபேசியில் வருகிறது. பணம் வந்ததா, வந்தது போல ஒரு பொய்ச் செய்தி வந்ததா என்று வாசித்துப் பார்க்கத் தெரிய வேண்டாமா? ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுபவன் நாளை சொந்தக் கடை வைத்து எப்படிப் பிழைப்பான்? நம் முன்னோர் கையில் பட்டமில்லாமல் வணிகம் செய்தார்கள், உண்மை. ஆனால் அவர்களிடம் பேரேடு இருந்தது. அதை எழுதவும் வாசிக்கவும் தெரிந்திருந்தது.

இன்னொன்று. போராடிப் பெற்ற 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு 2007 முதல் நம் கையில் இருக்கிறது. அந்த இடத்தில் உட்கார ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டி வர வேண்டும். மூன்றாம் வகுப்பிலேயே தடுக்கி விழுந்த பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியின் வாசலில் நாற்காலி போட்டு வைத்து என்ன பயன்? உரிமைக்காகத் தெருவில் நிற்பவர்கள், அந்த உரிமையை அனுபவிக்கும் தகுதிக்காகத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்காரக் கூடாதா?

டியூஷன் இதற்குத் தீர்வா?

இல்லை! நம் தெருக்களில் டியூஷனுக்குப் பஞ்சமில்லை. ஒரே அறையில் நாற்பது பிள்ளைகள். அன்றைய வீட்டுப் பாடத்தை முடிப்பதும், மறுநாள் தேர்வுக்கு விடையை மனப்பாடம் செய்ய வைப்பதும்தான் அங்கு நடக்கிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது உதவும். வாசிக்கத் தெரியாத பிள்ளை அங்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் உள்ளவனைப் பார்த்து எழுதிக்கொண்டு வரும்.

தேவை வேறு. பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று பார்க்காமல், எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து கைபிடித்து ஏற்ற வேண்டும். இது வெறும் ஆசை வார்த்தை அல்ல. செய்து பார்த்து நிரூபித்த வழி.

2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் ‘பாலசகி’ என்ற திட்டத்தைப் பிரதம் நடத்தியது. அந்தந்தப் பகுதியில் பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்களையே அமர்த்தினார்கள். வகுப்பில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளைத் தனியே அழைத்து, தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். மாதச் சம்பளம் 500 முதல் 750 ரூபாய்தான். மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறினார்கள். இதை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் 2019ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்கள்.

உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் கிராமத்து இளைஞர்கள் சில நாள் பயிற்சி பெற்று, சம்பளம் வாங்காமல், பள்ளி முடிந்த பின் வாசிப்பு வகுப்பு நடத்தினார்கள். ஓர் எழுத்துகூடத் தெரியாமல் வந்து சேர்ந்த பிள்ளைகள் ஓராண்டு முடிவில் எழுத்துகளையாவது அடையாளம் கண்டார்கள். எழுத்து மட்டும் தெரிந்தவர்களில் பலர் கதை வாசிக்கும் அளவுக்கு உயர்ந்தார்கள். ஆனால் அங்கே ஒரு குறை: தேவைப்பட்ட பிள்ளைகளில் மிகச் சிலரே வகுப்புக்கு வந்தார்கள். வகுப்பைத் திறந்து வைத்தால் போதாது. வீடு தேடிப் போய் அழைத்து வர வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

நம் தமிழகத்தையே பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாலை நேரத்தில், தெருவிலேயே, ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள் என்ற அளவில் வகுப்புகள். தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கிராமப்புறத்தில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகி விட்டது என்றது. அப்படி ஈடானதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்பால் வந்தது. தெருவில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்த அக்காமார்கள் சாதித்தது இது!

நம்மிடமே இருந்த முறை

நமக்கு இது புதிதா? குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்ட ஒவ்வொருவரும் நினைத்துப் பாருங்கள். மக்தபில் வகுப்பு என்று ஒன்று இருந்ததா? ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தனி சபக். ஒருவன் அலிஃப், பே படிப்பான். பக்கத்தில் ஒருவன் எழுத்துக் கூட்டுவான். இன்னொருவன் ஜுஸ்உ முடித்திருப்பான். தினமும் ஒவ்வொருவரும் ஹஜ்ரத் முன்னால் உட்கார்ந்து வாய் திறந்து ஓதிக் காட்ட வேண்டும். சரியாக வந்தால்தான் அடுத்த பாடம். பாலசகி கண்டுபிடித்த வழி, நம் பள்ளிவாசல் திண்ணையில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது! அதே முறையில் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தால் என்ன? பிரம்பை மட்டும் வீட்டில் வைத்து விட்டு வாருங்கள். பயத்தில் ஒப்பிக்கலாம், வாசிக்க முடியாது.

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் மீட்புத் தொகை கொடுக்க வழியில்லாதவர்கள், எழுதத் தெரிந்திருந்தால், மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்றுக் கொடுத்து விடுதலை பெறலாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்த வரலாற்றை நாம் மேடைதோறும் பேசுகிறோம். பொன்னுக்கும் வெள்ளிக்கும் ஈடாக எழுத்தை மதித்த அந்த வரலாற்றைக் கேட்டுக் கைதட்டி விட்டுக் கலைந்து போவதா?

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: இடம். பள்ளிவாசல் மேல்மாடி, சங்கக் கட்டடம், மாலையில் பூட்டிக் கிடக்கும் கிடங்கு, எதுவும் போதும். நல்ல வெளிச்சமும் மின்விசிறியும் இருந்தால் சரி.

இரண்டு: ஆள். பிளஸ் டூ, பட்டம் முடித்து வீட்டிலிருக்கும் சகோதரிகள் நம் தெருக்களில் எத்தனையோ பேர். பத்துப் பிள்ளைக்கு ஒருவர். இனாமாகக் கேட்காதீர்கள், சிறிதளவேனும் ஊதியம் கொடுங்கள். இனாம் வேலை இரண்டு மாதத்தில் நின்று விடும்.

மூன்று: பணம். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நீங்கள். ஒரு கடைவீதியில் இருபது கடைக்காரர்கள் நாளுக்கு 15 ரூபாய் எடுத்து வைத்தால் மாதம் 9,000 ரூபாய். இரண்டு சகோதரிகளுக்குத் தலா 3,000. மீதியில் சுண்டல், சாக்பீஸ், கதைப் புத்தகம். ஒரு பரிசளிப்பு விழாவின் பந்தல் செலவில் இருபது பிள்ளைகளுக்கு எத்தனை மாதம் எழுத்து வரும் என்று பாருங்கள்.

நான்கு: முறை. முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்கார வைத்து, எழுத்து தெரியுமா, சொல் வருமா, பத்தி வருமா, கதை வருமா என்று பார்த்து நாலு குழுவாகப் பிரியுங்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் எழுத்துக் குழுவில் உட்கார்ந்தால் அவனைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள். தினமும் ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து நிமிடமாவது வாய் திறந்து வாசிக்க வேண்டும். ஒருவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தவறு வந்தால் பொறுத்திருந்து திருத்துங்கள். நேற்றுத் தடுமாறிய வரியை இன்று சரியாக வாசித்தால், அதைப் பத்துப் பேர் முன்னால் பாராட்டுங்கள். தன்னம்பிக்கை உபதேசத்தால் வருவதல்ல. ஒரு பக்கத்தைத் தானாக வாசித்து முடித்த பிள்ளைக்கு அது தானாக வரும்.

ஐந்து: புத்தகம். பாடப் புத்தகம் வேண்டாம். பெரிய எழுத்தும் படமும் உள்ள சிறு கதைகள் வேண்டும். பிரதம் புக்ஸ் போன்ற பதிப்பகங்கள் வாசிப்புப் படிக்கேற்பத் தமிழில் குறைந்த விலையில் தருகின்றன. ஊர் நூலகத்தையும் விடாதீர்கள். நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறீர்கள். அந்தப் புத்தகங்கள் உங்கள் பணத்தில் வாங்கியவை!

ஆறு: வருகை. இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக் கதவை மூன்றாம் நாள் தட்டுங்கள். ஜவுன்பூர் சொன்ன பாடம் இதுதான். இந்தப் பொறுப்பு இளைஞர்களுக்கு.

ஏழு: கதவு. தெருவில் இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் அது திறந்திருக்கட்டும். பக்கத்து வீட்டுச் சகோதர சமயத்துப் பிள்ளைக்கும் அதே எழுத்துதான் தடுக்கிறது. ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே கதையை வாசித்த பிள்ளைகளைப் பிற்காலத்தில் யாராலும் எளிதில் பிரிக்க முடியாது.

‘இது அரசின் வேலை அல்லவா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், அரசின் வேலைதான். ஆசிரியர் பணியிடங்களை நிரப்பக் கேட்போம், கண் பரிசோதனை நடத்தக் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் இன்று எட்டு வயதான பிள்ளைக்கு அடுத்த ஆண்டு ஒன்பது வயது. நம் கோரிக்கை மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று பார்த்து அந்தப் பிள்ளையின் வயது நிற்காது.

இளைஞர்களே! இரவு பத்து மணி வரை கடைத்தெருவில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் கேட்கிறோம். வணிகர்களே! கல்லாப் பெட்டியிலிருந்து நாளுக்கு 15 ரூபாயைக் கேட்கிறோம். வரும் ஜூனில் நோட்டுப் புத்தகம் கொடுங்கள், தடுக்கவில்லை. கொடுக்கும்போது அந்தப் பிள்ளையிடம் அட்டையில் உள்ள பெயரை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்காத பிள்ளையின் பெயரையும் முகவரியையும் குறித்துக் கொள்ளுங்கள். உங்கள் மாலை வகுப்பின் முதல் வருகைப் பதிவேடு அதுதான்.